பனிக்குடம் தந்த பிறந்த வீடு

வெந்நீர் மேலே பட்டால் வழிந்தோடிவிடும். வெல்லப் பாகு அப்படிப் போகாது. பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, தன் சூடு முழுவதையும் அங்கேயே இறக்கிவைத்த பிறகுதான் அடங்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தீபாவளிக்கு முதல் நாள், கச்சாயத்துக்குக் காய்ச்சிய பாகை அடுப்பிலிருந்து இறக்கும்போது பாத்திரம் சாய்ந்து, என் மனைவியின் வலக்கையில் மணிக்கட்டுக்குச் சற்று மேலிருந்து விரல் நுனிவரை வழிந்தது. அதிரசம் என்று பிற ஊரார் சொல்வதைத்தான் நாங்கள் கச்சாயம் என்போம்.

நான் பூசையில் இருந்தேன். அலறல் எதுவும் கேட்கவில்லை. ஓடும் காலடியும், பட்டறைக் கதவு சுவரில் மோதும் சத்தமும் மட்டும் கேட்டன. பெரியநாயக்கன்பாளையத்தில் அந்நாளில் தெருவுக்கு நாலு பட்டறை இருக்கும். எங்களுடையது கிணற்றுக்கான மோட்டார் பம்புகள் செய்வது. வீட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரே ஒரு கதவு. செய்து முடித்த பம்பு ஒன்று சோதனைத் தொட்டியில் நீரை இறைத்துக்கொண்டிருந்தது. பாய்ந்து விழும் அந்த நீருக்கடியில் கையை நீட்டியபடி அவள் நின்றிருந்தாள். உதடு மட்டும் துடித்தது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் இட்லி மாவு கொண்டுவரச் சொன்னார். ஒருவர் பேனா மை என்றார். கோடி வீட்டு அம்மாள் பற்பசையைக் கையிலேயே எடுத்து வந்துவிட்டார்.

“ஏனுங்க, கையில பல்லா மொளச்சிருக்குது, பேஸ்டு வெச்சுத் தேய்க்க?” என்றாள் என் மனைவி, வலியைக் கடித்துக்கொண்டு. “ஒண்ணும் வேண்டாமுங்க. மோட்டாரை மட்டும் ஆரும் நிறுத்திப்போடாதீங்க.”

அந்த நீர்தான் பாதிக் கையைக் காப்பாற்றியது என்று பின்னர் மருத்துவர் சொன்னார். மீதிப் பாதிதான் கேள்வியாக நின்றது.

அந்தக் கை எங்களுக்கு என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு மோட்டாரின் உயிர் அதன் காயிலில் இருக்கிறது. மேல்பூச்சு சிராயாமல் செப்புக் கம்பியை இரும்புக் காடிகளுக்குள் சுற்றுச் சுற்றாகப் படிய இறக்க வேண்டும். இழுப்புக் கூடினால் கம்பி அறும். குறைந்தால் மோட்டார் சூடேறி ஒரு கோடைக்குள் புகையும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை எந்தக் கருவியும் சொல்வதில்லை, விரல்தான் சொல்கிறது. எங்கள் பட்டறையில் அந்த வேலையை அவள்தான் செய்தாள். நான் இரும்பைக் கடைந்து பம்பின் உடலைச் செய்வேன்; அவள் உள்ளே உயிரை வைப்பாள். வாங்க வரும் குடியானவர்கள், “அம்மணி சுத்துனதுங்களா?” என்று கேட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார்கள்.

கோவையில் தீக்காயத்துக்கென்று தனிப் பிரிவு வைத்திருந்த ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பிரிவின் மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி; பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பத்தவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். என் மனைவியின் தொழில் இன்னதென்று கேட்டுக்கொண்ட பிறகு அவளை அக்கா என்றே அழைத்தார்.

“ஆழம் ரொம்ப இல்லீங்க அக்கா. ஆனா காயம் வெரலுக்கு மேல் பக்கம் பூராவும் இருக்குது. மூணு வாரத்துக்குள்ள புதுத்தோல் வந்து மூடிட்டா பழைய கை. சீழ் வெச்சு இழுத்துட்டுப் போச்சுன்னா, தொடையில தோலெடுத்து ஒட்டோணும். அப்பவும் வெரல் முழுசா மடங்குமுன்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது.”

“மடங்கலீன்னா?”

“கம்பி புடிக்க முடியாதுங்க.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தாள். அங்கே ஒரு வேப்பங்கிளையைத் தவிர ஒன்றுமில்லை.

முதல் வாரம் கொடியது. மருந்து தடவிய வலைத்துணியைக் காயத்தில் வைத்துக் கட்டுவார்கள். மறுநாள் பிரிக்கும்போது, முதல் நாள் அரும்பிய நுண்தோலும் துணியோடு வந்துவிடும். கட்டி வைத்தால் ஒட்டுகிறது, திறந்து வைத்தால் உலர்கிறது. எப்படிப் பார்த்தாலும் கைக்குத் துன்பந்தான். நான் படுக்கையருகே அமர்ந்து எனக்குப் பழகிய பதிகங்களை முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். என் பாட்டை வீட்டில் அவள் கேலி செய்யாத நாளில்லை. இங்கே, கட்டுப் பிரிக்கும் வண்டி உருண்டு வரும் ஓசை கேட்டதும் சொல்வாள்:

“இப்பச் சத்தமாப் பாடுங்க. நான் கத்தறது உங்க பாட்டுல அமுங்கிப் போகட்டும்.”

பாடினேன். என் குரல் நல்ல குரலன்று. அந்த வார்டில் இருந்தவர்கள் பொறுமைசாலிகள்.

பார்க்க வந்த ஒரம்பரைச் சொந்தங்கள் ஆளுக்கொரு வைத்தியம் கொண்டுவந்தார்கள். சோற்றுக்கற்றாழை மடல் வந்தது, கேனில் அடைத்த மலைத்தேன் வந்தது, ஒருவர் தோட்டத்திலிருந்து வாழைக் குருத்தையே வெட்டி வந்தார். மருத்துவர் எதையும் எள்ளவில்லை. “எல்லாமே புண்ணுக்கு ஒதவற பொருள்தானுங்க. வாழைக் குருத்தைச் சுத்தமா வேக வெச்சு நாங்களே துணிக்குப் பதிலாப் போட்டிருக்கறோம், அது ஒட்டாது. தேனும் புண்ணை ஆத்தும், ஆனா சுத்தம் பண்ணுன தேனா இருக்கோணும். கேன்ல வர்றதை ஊத்தப்படாது. இந்தக் கைக்கு இன்னொண்ணு இருந்தாத் தேவலை” என்றவர், சற்று நிறுத்தி, “அதுதான் தீர்ந்துபோச்சு” என்றார்.

அந்த இன்னொன்று, பனிக்குடச் சவ்வு. கருவில் குழந்தையைச் சூழ்ந்து நீரோடு தாங்கும் பையின் உள்தோல். பேற்றுக்குப் பின் அதைப் பிரித்தெடுத்து, உப்புநீரிலும் மருந்துநீரிலும் பலமுறை அலசி, காயத்தின்மேல் விரித்துவிடுவார்கள். தையலோ பசையோ வேண்டியதில்லை, அதுவே பற்றிக்கொள்ளும். உள்ளிருக்கும் ஈரத்தைக் காக்கும், வெளியிலிருந்து கிருமியை வர விடாது. அடியில் புதுத்தோல் வளர வளர, அது உலர்ந்து உதிர்ந்துவிடும். தினமும் பிரிக்க வேண்டியதே இல்லை. மருத்துவமனை குளிர்ப்பெட்டியில் வைத்திருந்ததெல்லாம் தீபாவளியன்று பட்டாசில் வெந்து வந்த குழந்தைகளுக்குச் செலவாகிவிட்டது.

“நாளை மறுநாள் ஒரு அம்மணிக்கு ஆபரேசன் வெச்சிருக்கறோம். குழந்தை தலை திரும்பலை. தாய்க்குக் காமாலை மாதிரி தொத்து நோவு எதுவும் இல்லைன்னு ரத்தமெல்லாம் சோதிச்சாச்சு. மத்த ஆஸ்பத்திரிகள்ல கேக்காமயே எடுத்துக்கறாங்க, நான் கேட்டுத்தான் எடுப்பேன். அந்த அம்மணி சரின்னுட்டா. மாமனார்தான் யோசிக்கறார்” என்றார் மருத்துவர்.

அவர் போன பிறகு என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “சாமி கும்பிடறவரு நீங்க. பிரசவத் தீட்டு அது. உங்க சாமிக்கு ஒத்துக்குமான்னு கேட்டுச் சொல்லுங்க.”

கேலியாகத்தான் கேட்டாள். ஆனாலும் என் விடைக்காகக் காத்திருந்தாள். எங்கள் வீட்டில் பிள்ளைப் பேறு நடந்தால் நான் நாள் கணக்குப் பார்த்துப் பூசையறைக்கு வெளியே நிற்பவன். அதை அவள் அறிவாள். நான் நெடுநேரம் யோசிக்கவில்லை என்பதை இன்றைக்கும் மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்கிறேன். நான் ஓதி வளர்ந்த பாடல்களில் உடலை இழிவென்று தள்ளுபவை உண்டு; அவற்றை உருகிப் பாடியிருக்கிறேன். அதே அடியார்கள், தாயின் வயிற்று இருளில் துணையின்றிக் கிடந்த உயிரை ஒருவன் கண்ணிமைபோல் காத்தான் என்றும் பாடியிருக்கிறார்கள். எதைக்கொண்டு காத்தான் என்று அத்தனை காலம் நான் கேட்டுப் பார்த்ததில்லை. இதைக்கொண்டுதான்.

“அவன் நெய்ஞ்ச துணி அது. அதுக்கு ஏது தீட்டு?” என்றேன்.

“அப்பப் போய் அந்த மாமனார்கிட்டப் பேசுங்க. இங்க உக்காந்துட்டு எனக்குப் பாட்டுச் சொல்லாதீங்க.”

கீழ்த்தளத்தில் மகப்பேற்றுப் பிரிவின் முன் ஒரு நீண்ட பெஞ்சு. அதில் அந்த மாமனார் உட்கார்ந்திருந்தார். பல்லடம் பக்கத்துக்காரர். விசைத்தறிக் கூடமும் கோழிப்பண்ணையும் வைத்திருந்தார். வெளுத்த வேட்டி, கக்கத்தில் தோல்பை, காலடியில் சிறுவாணித் தண்ணீர் நிரப்பிய பெரிய கேன். ஊருக்குக் கொண்டுபோகவாம்.

“நீங்கதான் கை வெந்த அம்மணியோட ஊட்டுக்காரருங்களா? உக்காருங்க. குடுக்கறதுல எனக்கு வெசனமில்லீங்க. புள்ளைக்கும் தாய்க்கும் கெடுதி இல்லைன்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். நீங்க என்ன கூட்டமுங்க?”

எங்கள் பக்கத்தில் இது ஊரைக் கேட்டவுடன் கேட்கும் கேள்வி. ஒரே கூட்டத்தார், அதாவது ஒரே குலத்தார், எல்லாரும் அண்ணன் தம்பிகள், பங்காளிகள். அவர்களுக்குள் மண உறவு கிடையாது. வேறு கூட்டமானால் மாமன் மச்சான் முறை. பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். நான் என் கூட்டத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

“அட, வேற கூட்டமுங்களா! அப்ப நாம மாமன் மச்சான்!” என்று என் தோளில் கையைப் போட்டவர், போட்ட கையை மெல்ல எடுத்துக்கொண்டார். “அங்கதானுங்க சிக்கல். எங்க கூட்டத்துப் புள்ளை குடியிருந்த பை அது. அதை உங்க ஊட்டு அம்மணி மேல போத்திட்டா, நாளைக்கு நீங்க எங்களுக்குப் பங்காளி ஆயிருவீங்களே? கொள்வினை கொடுப்பினைக்கு இருக்கற எடமே கொஞ்சம். பொறக்கறது பொண்ணாப் போச்சுன்னா, குடுக்கறதுக்கு ஒரு வாசல் கொறஞ்சுதானுங்களே போகும்?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொல்வது ஒரு கணம் நியாயமாகவே பட்டது. நானும் அந்த மண்ணில் முளைத்தவன்தானே.

அவ்வழியே வந்த மருத்துவர் நின்றார். “அது ஒடம்புல சேர்றதே இல்லீங்க. ரத்தமும் கலக்காது. கொஞ்ச நாள்ல காஞ்சு தானா உதுந்துரும்.”

“தாலியும்தானுங்க ஒடம்புல ஒட்டறதில்லை. அதுக்காக ஒறவு இல்லைன்னு ஆயிருமுங்களா?”

மருத்துவர் பெஞ்சின் ஓரத்தில் தாமும் உட்கார்ந்துவிட்டார். “எங்க படிப்புல இதுக்குப் பாடம் இல்லீங்க” என்றார்.

அப்போதுதான் படியிறங்கி வந்தாள் என் மனைவி. வீங்காமல் இருக்கக் கையை உயர்த்தியே வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். கட்டுப்போட்ட கையை நெஞ்சுக்கு மேலே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கோயில் சிலை ஒன்று எழுந்து நடப்பதுபோல வந்து நின்றாள்.

“இந்நேரமாப் படியில நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தனுங்க. ரெண்டு பேரும் மொறையைத் தப்பாப் போட்டுட்டு உக்காந்திருக்கறீங்க” என்றாள்.

“எப்படிங்க அம்மணி?”

“சவ்வை ஆரு மேல போடறாங்க? இவரு மேலயா? எம்மேல. உங்க கூட்டத்துத் தோல் எனக்கு வந்தா, நான் உங்க ஊட்டுல பொறந்தவ ஆயிருவேன். இவரு எப்பவும் போல இவரு கூட்டம். அப்ப நான் உங்களுக்குத் தங்கச்சி, இவரு மாப்பிள்ளை. இதுல பங்காளி எங்கிருந்துங்க வந்தான்? தங்கச்சி ஊட்டுக்குப் பொண்ணு குடுக்கறதைத்தானே நம்மூர்ல மொத ஒறவும்பாங்க? வாசல் அடைக்கலீங்க அண்ணா. தொறக்குது.”

அவர் விரற்கணுக்களில் எண்ணிப் பார்த்தார். உதடு அசைந்தது. மருத்துவரும் தம் விரல்களில் எண்ணுவதைக் கண்டேன்.

“அட, ஆமா!” என்று தொடையைத் தட்டினார் தறிக்காரர். உடனே கண்ணைச் சுருக்கிக்கொண்டார். “ஏம்மணி, எனக்கு ஏற்கெனவே மூணு தங்கச்சிக. அவளுகளுக்குச் சீர் செஞ்சே தறியெல்லாம் தேஞ்சுபோச்சு. நாலாவதா நீயுமா?”

“எனக்குச் சீரெல்லாம் வேண்டாமுங்க. சவ்வு போதும்.”

“அதெப்படி? தங்கச்சின்னாச் சீர் உண்டு. இல்லாட்டி ஊர் என்னைய என்ன சொல்லும்?”

அவள் பதிலுக்கு ஒரு கேலி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அவள் தாய் தந்தைக்கு ஒரே பிள்ளை. அவர்கள் போன பிறகு அந்த வீடு பூட்டிக் கிடந்து, பின்னர் கைமாறிப் போனது. பொங்கலுக்கு மற்றப் பெண்களுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சீர் வண்டி வரும் நாளில் அவள் வாசலுக்கு வராமல் பட்டறைக்குள்ளேயே இருப்பாள். அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை. ஆனால் அந்தத் தலையசைப்பைக் கண்ட பிறகு, விளையாட்டாக வாயில் வந்த அந்த “நீ”யை அவர் மாற்றவே இல்லை.

அறுவை நாளன்று காலை, நானும் அவரும் அதே பெஞ்சில் இருந்தோம். உள்ளே கதவு சாத்தியதும் அவருடைய வீறாப்பெல்லாம் போய்விட்டது.

“மாப்பிள்ளை, எந்நேரமும் மொணமொணன்னு ஏதோ சொல்றீங்களே, அதைச் சித்தே சத்தமாச் சொல்லுங்க. எம்பட மருமக உள்ளே இருக்கறா.”

கருவில் உயிரைக் காத்தவனைப் போற்றும் பாடலையே பாடினேன். பாதியில் குழந்தையின் அழுகை கேட்டது. செவிலி வந்து பெண் என்றார். தறிக்காரர் எழுந்து, எதற்கென்று தெரியாமல் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

அன்று பகலிலேயே எங்கள் வார்டுக்கு அந்தச் சவ்வு வந்தது. எஃகுத் தட்டில், தெளிந்த நீரில் மிதந்தது. முதலில் எனக்குத் தட்டில் ஒன்றும் தெரியவில்லை. மருத்துவர் இடுக்கியால் ஒரு விளிம்பைப் பற்றி உயர்த்தியபோதுதான், நீரின் மேற்பரப்பே எழுந்து வருவதுபோல அது எழுந்தது. இளநீர் வழுக்கையின்மேல் படர்ந்திருக்கும் ஏட்டைவிட மெல்லியது. அதன் வழியே சன்னல் வேம்பு தெரிந்தது. பழைய கட்டைப் பிரித்துக் காயத்தைக் கழுவினார்கள். நான் வழக்கம்போல உரக்கப் பாடத் தொடங்கினேன். மருத்துவர் சவ்வைப் புறங்கையில் படரவிட்டார். விரல் விரலாகச் சுற்றினார். அடியில் தங்கிய காற்றை ஈரப் பஞ்சால் ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றினார்.

என் மனைவி இடக்கையால் என் மேல்துண்டைப் பிடித்து இழுத்தாள்.

“பாட்டை நிறுத்துங்க.”

“ஏன்?”

“வலிக்கலை.”

நிறுத்தினேன். “பக்கத்துப் படுக்கைக்காரங்களும் பொழைச்சாங்க” என்றாள்.

மாலையில் தறிக்காரர் பார்க்க வந்தார். கையைத் தொடாமல், குனிந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“முட்டை ஓட்டுக்குள்ள ஒட்டியிருக்குமே, அந்தச் சவ்வாட்டமே இருக்குதுங்க. எங்கப்பன் சவரக் கத்தி பட்டா அதைத்தான் உரிச்சு ஒட்டுவாரு.”

“வேலையும் அதே வேலைதானுங்க. அது குஞ்சைக் காக்கும், இது புள்ளையைக் காக்கும். காத்துப் பழகுனது, புண்ணு மேல போட்டாலும் காக்குது” என்றார் மருத்துவர்.

அதன்பின் கட்டுப் பிரிக்கும் வண்டி எங்கள் படுக்கையைக் கடந்தே போயிற்று. தினமும் பார்ப்பார்கள், அடியில் நீர் கோத்த இடத்தில் ஊசியால் குத்தி வடிப்பார்கள், அவ்வளவுதான். சவ்வு மெல்ல மெல்லப் பொன்னிறமாகி, சருகுபோல் உலர்ந்து, ஓரங்களில் எழும்பியது. எழும்பிய மட்டும் கத்தரித்தார்கள். இழுக்கக் கூடாது என்பது கண்டிப்பு. வெங்காயத் தாள்போல் அது விலகிய இடத்திலெல்லாம், அடியில் இளஞ்சிவப்பாக, புத்தம் புதிதாக, ஈரம் மின்னும் தோல் இருந்தது. பல்லடத்துப் பெண்ணும் ஊருக்குப் புறப்படுமுன் குழந்தையோடு வந்து பார்த்துவிட்டுப் போனாள். குழந்தையின் பாதத்தையும் தன் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “ரெண்டும் ஒரே கலருங்களே” என்று என் மனைவி சிரித்தாள்.

மருத்துவர் சொன்ன கெடுவுக்குள் காயம் மூடிவிட்டது. தொடையில் தோலெடுக்க வேண்டிவரவில்லை. ஆனால் விரல்களை மடக்கச் சொன்னபோது, மோதிர விரலும் சுண்டு விரலும் பாதி வழியில் நின்றுவிட்டன.

“தோல் தன் வேலையைச் செஞ்சிருச்சுங்க அக்கா. இத்தனை நாள் அசையாம வெச்ச வெரல், பயந்து கெடக்குது. இனி அதை நீங்கதான் மடக்கோணும்” என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தோம். புதுத்தோல் வறளாமல் தேங்காயெண்ணெய் தடவி, கோதுமை மாவு உருண்டையைப் பிசையச் சொல்லியிருந்தார். பிசைந்தாள். அடுப்படியில், வாசலில், எங்கே உட்கார்ந்தாலும் அந்த உருண்டை கூட இருந்தது. மாவில் மூன்று விரல்களின் பள்ளம் ஆழமாக விழும். மற்ற இரண்டும் மேலே தொட்டுவிட்டு நின்றுவிடும். ஒவ்வொரு முறை மடக்கும்போதும் அந்த இரண்டையும் உற்றுப் பார்ப்பாள். உற்றுப் பார்க்கப் பார்க்க, அவை இன்னும் விறைக்கும் என்று எனக்குத் தோன்றும்.

காயில் சுற்ற வெளியிலிருந்து ஓர் ஆளை வைத்திருந்தேன். கார்த்திகையில் அவர் சுற்றிய மோட்டார் ஒன்று கருகித் திரும்பி வந்தது. வண்டியிலிருந்து இறக்கும்போது அவள் பார்த்துவிட்டாள். கிட்டே வந்து முகர்ந்தாள். “இழுப்புப் பத்தலை” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று மாவு உருண்டை அலமாரியிலேயே இருந்தது. மறுநாளும் இருந்தது.

மாட்டுப் பொங்கலன்று காலை எங்கள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பல்லடத்துக்காரர் இறங்கினார். பின்னாலேயே மகன், மருமகள், மருமகள் தோளில் குழந்தை. தட்டுத் தட்டாக இறக்கினார்கள். சேலை, பழம், மஞ்சள் கொத்து, கரும்புக் கட்டு, அவர் தறியிலேயே நெய்து துவைத்து மெதுவாக்கிய வெள்ளைத் துணி ஒரு மடிப்பு. கடைசியாக, மூடி கட்டிய ஒரு மூங்கில் கூடை. கூடை தானாகவே அசைந்தது.

“பொறந்த ஊட்டுச் சீர் வந்திருக்குதுன்னு சொல்லுங்க மாப்பிள்ளை!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

என் மனைவி நிலைப்படியில் நின்றாள். நான்தான் கூடையைப் பார்த்துக் கேட்டேன்.

“அது என்னுங்க?”

“நாட்டுக் கோழிங்க. பண்ணைக் கோழியைச் சீருக்குக் கொண்டாரப்படாது, பாருங்க.”

“நாங்க சைவமுங்களே!”

“தெரியுமுங்க. கோழி வெக்காமப் போனா எந்தங்கச்சிக மூணு பேரும் என்னைய ஊட்டுக்குள்ள சேத்த மாட்டாளுக. நீங்க சாப்பிடவா சொல்றேன்? சாமியாட்ட வெச்சுக் கும்பிடுங்க.”

என் மனைவி சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “குடுங்க அண்ணா, தண்ணியாவது வெக்கலாம்” என்று இடக்கையால் கூடையின் கட்டை அவிழ்த்தாள். மூடி விலகியதுதான் தாமதம், கோழி அவள் தோளுக்கு மேலாகப் பறந்து வீட்டுக்குள் புகுந்தது. நேராகப் பூசையறை. நான் ஏற்றி வைத்திருந்த விளக்கு, பூத்தட்டு, பஞ்சாமிர்தக் கிண்ணம் எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன.

“ஐயோ, விளக்கு!” என்றேன். என்னால் ஆனது அவ்வளவே.

அவள் பாய்ந்தாள். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே ஓடிச் சென்றபோது, விளக்கு நின்றது நின்றபடி எரிந்துகொண்டிருந்தது. கோழி தலைகீழாகச் சிறகடித்துக்கொண்டிருந்தது. அதன் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்திருந்தது வலக்கை. மோதிர விரல் மடிந்திருந்தது. சுண்டு விரல் மடிந்து, நகம் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

முதலில் கண்டவர் பல்லடத்துக்காரர்தான். “அம்மணி,” என்றார், குரலைத் தாழ்த்தி. “கை.”

அவள் குனிந்து பார்த்தாள். கோழி உதறியது; பிடி தளரவில்லை.

“ஆரும் பேசாதீங்க. விட்டா மறுபடி வருமோ வராதோ” என்றாள்.

குழந்தை மட்டும் ஏதோ மழலைச் சத்தம் செய்தது. அவள் அப்படியே நின்றாள். இளஞ்சிவப்புத் தோல் மூட்டுகளில் வெளுத்துத் தெரியும்படி இன்னும் ஒரு முறை இறுக்கினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நடந்து நடுக்கூடத்துக்கு வந்து, குனிந்து, கோழியை வேண்டுமென்றே தரையில் விட்டாள். அது இறக்கையை உதறிக்கொண்டு ஓடியது.

“அண்ணா, வாசல் பக்கம் மறிங்க. ஏனுங்க, பட்டறைக் கதவைச் சாத்துங்க!” என்று எங்களுக்கு ஆணையிட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வலக்கையை முன்னால் நீட்டியபடி மறுபடியும் அதன் பின்னே ஓடினாள்.